புதன்கிழமைக்காரர்

உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் சண்டை பிடிக்கலாம். கொண்டையைப் பிடித்து இழுக்கலாம், நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்கலாம், ஆகக் குறைந்தது அவள் வைத்த கறிக்கு உப்புக் காணாது என்றாவது சொல்லலாம். படத்துக்குள் இருந்து சிரிக்கிறவளை என்ன செய்வது? அனோஜா ஐந்து வருடமாக யோசிக்கிறாள், விடை கிடைக்கவில்லை.

சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அடுக்குமாடி வீடு, பதினாலாம் மாடி. கதவைத் திறந்தால் எதிர்ச் சுவரில் மங்கையற்கரசி. சண்முகலிங்கத்தின் முதல் மனைவி, செத்துப் பன்னிரண்டு வருடம். மாம்பழ நிறச் சேலை, ஒரு பக்கம் சாய்ந்த சிரிப்பு, பிளாஸ்டிக் மல்லிகை மாலை, இரண்டு பக்கமும் விட்டு விட்டு மினுங்கும் கறண்ட் விளக்கு. சாகும்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அனோஜாவுக்கு இப்போது முப்பத்தேழு. கலியாணம் முடித்து வந்தபோது இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இப்போது ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அனோஜாதான் அவளுக்கு அக்காவாகிக்கொண்டு போகிறாள். மற்றவளுக்கு நரையும் இல்லை, இடுப்புப் பிடிப்பும் இல்லை. இந்த அநியாயத்துக்கு எந்தக் கோட்டில் போய் வழக்குப் போடுவது?

வெள்ளிக்கிழமை வந்தால் இன்னும் மோசம். சண்முகலிங்கம் வேலையால் வந்து, முழுகி, அனோஜா சமைத்ததில் முதல் பங்கை எடுத்துப் படத்துக்கு முன்னால் வைப்பான். வைத்துவிட்டுச் சும்மா இருந்தாலும் பரவாயில்லை.

"மங்கை எண்டால் உந்தப் பருப்புக்கு ரெண்டு செத்தல் மிளகாய் கூடக் கிள்ளிப் போட்டிருப்பா" என்பான்.

"அப்ப அவவையே வந்து தாளிக்கச் சொல்லுங்கோ" என்று அனோஜா வாய்க்குள் சொல்லுவாள்.

பிறகு பால். விரல் நீளத்தில் ஒரு சின்ன வெள்ளித் தம்ளர் இருக்கிறது. அதை அனோஜா தொடக்கூடாது. அவனே கழுவுவான், அவனே பால் காய்ச்சுவான், அவனே சீனி போட்டு ஆற்றுவான். ஆற்றிவிட்டுப் புறங்கையில் ஒரு துளி விட்டுச் சூடு பார்ப்பான். அந்தத் துளியைப் பார்க்கும்போதுதான் அனோஜாவுக்கு அடிவயிற்றிலிருந்து எரியும். செத்தவளின் நாக்குச் சுட்டுப்போடும் என்று பயமாக்கும்! உயிரோடு இருக்கிறவள் போன மாதம் காய்ச்சலில் கிடந்தபோது நுண்ணலை அடுப்பில் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கின சூப்பைக் கட்டிலில் வைத்துவிட்டு வேலைக்குப் போன மனுசன் இவன். அதைவிடப் பெரிய பகிடி, வேறு நாளில் அவனே சொல்லுவான்: "நீர் தேத்தண்ணிக்கு எவ்வளவு பால் விடுறீர் அனோ! மங்கை வாழ்நாள் முழுக்க வெறுந்தேத்தண்ணிதான்." வெறுந்தேத்தண்ணி குடித்தவளுக்கு இப்போது மட்டும் என்ன பால் வேண்டிக் கிடக்கிறது?

இதெல்லாம் போகட்டும். அவளுக்கு ஒரு பிள்ளை வேண்டும். அதுதான் விசயம். கலியாணமான முதல் வருடம் கேட்டாள், "இப்ப என்ன அவசரம்" என்றான். மூன்றாம் வருடம் டொக்டரிடம் நேரம் எடுத்துக் கொடுத்தாள், அன்றைக்கென்று ஓவர்ரைம் போட்டுக்கொண்டு போய்விட்டான். இந்த வருடம் நேரே கேட்டதற்கு, "எனக்கு வயசு போட்டுது, இருக்கிறது காணும்" என்று ரீவியின் சத்தத்தைக் கூட்டினான். அவனுக்கு நாற்பத்தெட்டு. அனோஜாவுக்குத்தான் நாள் போய்க்கொண்டிருந்தது. அவள் தனக்குள் ஒரு முடிவு கட்டியிருந்தாள்: மங்கை பெறாத பிள்ளையை நான் பெறக்கூடாது என்றுதான் இவன் நினைக்கிறான். அவளுக்குக் கொடுக்காததை எனக்கும் கொடுக்க மாட்டான்.

மங்கை எப்படிச் செத்தாள் என்று ஒருமுறை கேட்டிருக்கிறாள். "பிறஷர்" என்றான். அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை.

அனோஜாவுக்கு ஒரு முதியோர் இல்லத்தில், துணி தோய்க்கிற லோண்ட்றியில் வேலை. கூட வேலை செய்பவள் அஃபுவே, ஐவரி கோஸ்டில் பவுலே இனத்துக்காரி. அவளுடைய இங்கிலிஷ் பிரெஞ்சில் உடைந்தது, அனோஜாவுடையது யாழ்ப்பாணத்தில் உடைந்தது. இரண்டு உடைசலும் ஒன்றுக்கொன்று நன்றாகப் பொருந்தின. அன்றைக்கு இரண்டு பேரும் ஒரு கட்டில் விரிப்பை மடித்துக்கொண்டு நின்றார்கள். அனோஜா தன் வெள்ளிக்கிழமைப் புராணத்தைச் சொல்லி முடித்ததும் அஃபுவே ஆறுதலாகச் சொன்னாள்.

"எனக்கும் ரெண்டு புருசன்."

அனோஜா தன் பக்கத்து மூலைகளைக் கீழே விட்டுவிட்டாள்.

அஃபுவே குனிந்து விரிப்பை எடுத்துக்கொண்டே விளக்கினாள். இந்த உலகத்துக்கு வருமுன் மற்ற உலகத்தில் எல்லோருக்கும் ஒரு துணை இருந்ததாம். நாங்கள் இங்கே வந்துவிட்டோம், அவர் அங்கே இருக்கிறார். நாங்கள் இங்கே இன்னொருவரைக் கட்டினால் அவருக்குப் பொறாமை வரும். கெட்ட கனவு வரும், வேலை போகும், வீட்டில் சண்டை வரும். அஃபுவேக்கும் வந்தது. குறி சொல்பவரிடம் போனாள். அங்கே இருக்கிறவர் கோபத்தில் இருக்கிறார், அவருக்கு ஓர் உருவம் செதுக்கி வை என்று சொன்னார்களாம். கனவில் அவர் எப்படி வந்தாரோ அப்படி, வடிவான ஆளாக, தலையலங்காரம் வெட்டுத் தழும்பு எல்லாம் திருத்தமாகச் செதுக்கவேண்டும். அப்போதுதான் வந்து சந்தோசமாக இருப்பார். படுக்கை அறையில் வைத்து, சாப்பாடு வைத்து, கிழமையில் ஓர் இரவை அவருக்கென்று விடவேண்டும்.

"எனக்குப் புதன். புதன்கிழமை கெஹிண்டே வெளி அறைச் செற்றியில் படுப்பார்."

கெஹிண்டே அவளுடைய உயிருள்ள புருசன், நைஜீரியாக்காரர், யொருபா இனம், பஸ் ஓட்டுகிறார்.

"அவர் ஒண்டும் சொல்ல மாட்டாரோ?"

"கெஹிண்டேயா?" அஃபுவே சிரித்தாள். "அவர் பிறந்த நாளிலிருந்து மரத்தோடு பங்கு போட்டு வளர்ந்தவர்."

அந்தக் கடைசிச் சொல் அனோஜாவுக்கு ஏறவே இல்லை. அவளுடைய மூளை புதன்கிழமையில் நின்றுவிட்டது. அஃபுவேக்கு இரண்டு புருசன், எனக்கு அரைப் புருசன் என்று ஸ்ரீற்காரில் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தாள். கூட்டாளி அஃபுவே மேலேயும் எரிச்சல் வந்தது. எரியிற வயிற்றுக்கு ஆள் அடையாளம் தெரியுமா?

சனிக்கிழமை பழைய சாமான் கடையில், சிறகு உடைந்த சம்மனசுப் பொம்மைக்கும் யாரோ வென்ற பௌலிங் கேடயத்துக்கும் நடுவில் அவர் நின்றார். ஒன்றரைச் சாண் உயரம். கறுத்த மரம். மேலே கூம்பிய கொண்டை, அதில் நீலச் சாயம் ஒட்டியிருந்தது. பெரிய கண்கள், கன்னத்தில் மூன்று கீறல், அகன்ற தோள், இடுப்பில் ஒரு மணிக்கோவை. ஆண்பிள்ளை என்பதில் சந்தேகமே இல்லை, செதுக்கினவன் அதையும் மறைக்கவில்லை. முகம் மட்டும் மூக்கும் வாயும் தேய்ந்து வழவழ என்று இருந்தது. அனோஜா அவரைக் குளிர்க்கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தாள்.

"உதென்ன?" என்றான் சண்முகலிங்கம்.

"என்ர மற்ற உலகத்துப் புருசன். உங்களுக்கு வெள்ளிக்கிழமை, எனக்குப் புதன்கிழமை. புதன் இரவு நீங்கள் செற்றியிலை படுங்கோ."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். முதல் புதன் சிரித்துக்கொண்டே தலையணையைத் தூக்கிக்கொண்டு போனான்.

இரண்டாம் புதன் அவ்வளவு சிரிப்பு இல்லை. அனோஜா மீன் பொரித்து, நடுத்துண்டை எடுத்துச் சின்னச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தாள். சண்முகலிங்கத்தின் கோப்பையில் வால் துண்டு.

"நடுத்துண்டு ஆருக்கு?"

"அவருக்கு."

"உவர் முள்ளெடுத்துத் தின்னுவாரோ?"

"அவர் உங்களை மாதிரி இல்லை, குறை சொல்லாமல் தின்னுவார். செத்தல் மிளகாய் கூடக் கேக்க மாட்டார்."

மூன்றாம் புதன் அவன் படுக்கை அறை வாசலில் வந்து நின்றான். அனோஜா உருவத்துக்குத் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும் அவன் நிற்கிறான் என்று. வேண்டுமென்றே தோளை இரண்டாம் தரமும் தடவினாள்.

"இஞ்சாரும், உவர் வடிவோ, நான் வடிவோ?" பகிடிபோலத்தான் கேட்டான், குரல் பகிடியாக வரவில்லை.

"அவர்தான். அவருக்கு வயசு ஏறாது."

ஆகா! அந்தச் சொல்லைச் சொன்னபோது அனோஜாவுக்கு இருந்த குளிர்ச்சி இருக்கிறதே, ஐந்து வருட எரிவுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினதுபோல இருந்தது. அவன் முகம் கறுத்தது. ஒரு மரக்கட்டைக்கு மனுசன் எரிகிறான்! எரியட்டும், நல்லாய் எரியட்டும் என்று கதவைச் சாத்தினாள்.

வியாழன் அவள் வேலையால் வந்தபோது உருவத்தைக் காணவில்லை. அலுமாரியில் இல்லை, கட்டிலுக்குக் கீழே இல்லை. கடைசியில் பல்கனியில், வாளிக்குள், தலையில் பனி படிந்து கிடந்தார்.

"உள்ளுக்கை கொண்டு வாங்கோ" என்றாள். "இல்லாட்டில் உங்கட மங்கையும் பல்கனிக்குத்தான்."

அவன் கொண்டு வந்தான். தன்னுடைய துவாயால் பனியைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே, நிமிராமல் கேட்டான்: "அனோ, உமக்கு நான் காணாதோ?"

"இதைத்தான் நான் அஞ்சு வருசமாய் உங்களைக் கேக்கிறன்! நான் உங்களுக்குக் காணாதோ? அந்தப் படத்தைக் கழட்டச் சொல்லி நான் கேக்கேல்லை. எனக்கு ஒரு பிள்ளை தாங்கோ எண்டுதானே கேட்டனான்?"

"அதை மட்டும் விடும்" என்றான். துவாயை உதறிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டான்.

அடுத்த நாள் லோண்ட்றியில் அனோஜா இந்த வெற்றிக் கதையை அஃபுவேக்குச் சொன்னாள். அஃபுவே சிரிப்பாள் என்று பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

"யார் உனக்குச் சொன்னது? கனவில் வந்தாரா? குறி பார்த்தாயா?"

"இல்லை, கடையில..."

"புருசனைக் கோபப்படுத்தக் கடையில் வாங்குகிற சாமான் இல்லை அது." அஃபுவே தன் பக்கத்து விரிப்பை மேசையில் போட்டாள். "நான் வந்து பார்க்கவேண்டும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அஃபுவேயும் கெஹிண்டேயும் சாப்பிட வந்தார்கள். கெஹிண்டே நெடுத்த மனிதர், நரைத்த தாடி, மெதுவான குரல். படத்தைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். ஆட்டுக்கறிக்கு இரண்டாம் தரமும் கை நீட்டினார். சண்முகலிங்கத்துக்கு அதில் கொஞ்சம் சந்தோசம். சாப்பாடு முடிய அனோஜா உருவத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

அஃபுவே பார்த்தவுடன் தலையை ஆட்டினாள். "இது எங்கள் ஆட்களுடையது இல்லை." பிறகு புருசனைத் திரும்பிப் பார்த்தாள்.

கெஹிண்டே எழும்பினார். குசினிக்குப் போய்க் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். வந்து உருவத்தைத் தூக்கினார். ஒரு கை முதுகுக்கு, மற்றக் கை தலைக்குப் பின்னால். தலை நிற்காத குழந்தையைத் தூக்குகிற தூக்கு அது.

"இது புருசன் இல்லை, தங்கச்சி" என்றார். "இது பிள்ளை."

சண்முகலிங்கம் கதிரையை முன்னுக்கு இழுத்தான்.

அவர் சொன்னார்: யொருபா ஆட்களிடம் இரட்டைப் பிள்ளைகள் அதிகம். இரட்டையில் ஒன்று செத்தால் அதற்கு இப்படி ஓர் உருவம் செதுக்குவார்கள். இபெஜி என்று பெயர். தாய் அதை மற்றப் பிள்ளையோடு சேர்த்துக் குளிப்பாட்டுவாள், எண்ணெய் பூசுவாள், மணி கட்டுவாள், சாப்பாடு ஊட்டுவாள், தன் இடுப்புத் துணிக்குள் செருகிக்கொண்டு திரிவாள். "முகம் தேய்ந்திருக்கிறது பாருங்கள். ஊட்டி ஊட்டி, வாயைக் கழுவிக் கழுவித் தேய்ந்தது. எத்தனை வருடம் கழுவியிருப்பாள் அந்த மனுசி!"

"பெரிய ஆம்பிளை மாதிரியெல்லே இருக்கு" என்றாள் அனோஜா. குரல் கீச்சிட்டது.

"பெரிய ஆளாகத்தான் செய்வோம். இருந்திருந்தால் எப்படி வளர்ந்திருப்பானோ அப்படி."

அனோஜாவுக்கு உடம்பு கூசியது. மூன்று புதனும் கண்முன்னால் வந்தன. ஒரு தாயின் செத்த பிள்ளையைத் தூக்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புருசன் என்று சொல்லி, தோளைத் தடவி... சீ!

"என்னோடு பிறந்தவன் தாய்வோ. எட்டாம் நாள் போய்விட்டான்" என்றார் கெஹிண்டே. "எங்கள் வீட்டில் அவன் ஜன்னல் ஓரத்தில் நின்றான். அவித்த பயறு வந்தால் முதல் பிடி அவனுக்கு. எனக்கு எரியும். உயிரோடு இருக்கிறவன் நான், முதல் பிடி கட்டைக்கா என்று ஒருநாள் அம்மாவிடம் கத்தினேன். அம்மா சொன்னா, உனக்குப் பசித்தால் நீ கத்துவாய், அவனால் கத்த முடியாது என்று."

சண்முகலிங்கம் இப்போது கேட்டான். அவனுடைய இங்கிலிஷ் வேலைத்தளத்து இங்கிலிஷ், அதுவும் இடையில் நின்று நின்று வந்தது.

"எட்டு நாள் பிள்ளைக்கும் சாப்பாடு வைப்பீர்களா?"

"வைப்போம்."

"பெயர் வைக்காத பிள்ளைக்கும்?"

"இரட்டை என்றால் பெயர் கூடவே பிறக்கும். முதல் வந்தவன் தாய்வோ, பின்னால் வந்தவன் கெஹிண்டே." அவர் சண்முகலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "ஆனால் பசிக்குப் பெயர் எதற்கு?"

சண்முகலிங்கம் எழும்பிக் குசினிக்குப் போனான். பிறிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டது. அனோஜா வாசலில் போய் நின்றாள். அவன் அந்தச் சின்ன வெள்ளித் தம்ளரைக் கழுவினான், பால் காய்ச்சினான், சீனி போட்டு ஆற்றினான். புறங்கையில் ஒரு துளி விட்டான்.

அந்தத் துளி யாருக்கு என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஐந்து வருடம், வெள்ளிக்கு வெள்ளி, கண்ணுக்கு முன்னால் நடந்தது. பொறாமை பிடித்த கண்ணுக்குப் பால் தெரிந்தது, பிள்ளை தெரியவில்லை.

"எத்தினை மாசம்?" என்றாள்.

"ஏழு." அவன் திரும்பவில்லை. "பெடியன். பிறஷர் கூடித் தாயும் பிள்ளையும் ஒரே நாள். ஐயரிட்டைக் கேட்டனான், பிறக்காத பிள்ளைக்குத் திவசம் இல்லை எண்டிட்டார். படமும் இல்லை, பேரும் இல்லை. அதுதான் தாயின்ர பங்கோடை ஒளிச்சு வைக்கிறனான். இப்ப இருந்தால் பன்னிரண்டு வயசு."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் கலியாணத்துக்கு ஓம் சொல்ல மாட்டீர் எண்டு சம்பந்தம் பேசினவை சொல்லிச்சினம். பிறகு நீர் பிள்ளை பிள்ளை எண்டு கேக்கேக்கை எல்லாம் எனக்கு அந்த ஆஸ்பத்திரிக் கட்டில்தான் தெரியும். அதிலை இப்ப நீர் படுத்திருக்கிற மாதிரி." அவன் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். "உம்மையும் விட்டிட்டு நான் என்ன செய்யிறது, அனோ?"

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் ஐந்து வருடம் ஒரு படத்தோடு மல்லுக்கு நின்றாள். வந்தபோது அதைக் கேட்டுச் சந்தோசப்படவும் முடியவில்லை, அழுகைதான் வந்தது.

தம்ளரை அவன் கொண்டுபோய் உருவத்துக்கு முன்னால் வைத்தான். புறப்படும்போது கெஹிண்டே சொன்னார்: "இது யாரோ ஒரு தாயின் கையிலிருந்து தவறி வந்த பிள்ளை. உங்களுடையது இல்லை, என்னுடையதும் இல்லை. பார்க்க முடியாது என்றால் தாருங்கள், நான் கொண்டு போகிறேன். ஆனால் அலங்காரத்துக்கு வைக்காதீர்கள்."

சண்முகலிங்கம் அனோஜாவைப் பார்த்தான். ஐந்து வருடத்தில் இந்த வீட்டில் எதை எங்கே வைப்பது என்று அவன் அவளுடைய முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இருக்கட்டும்" என்றாள் அனோஜா. "நான் பாக்கிறன்."

அவன் விருந்தாளிகளோடு எலிவேற்றர் வரைக்கும் போனான். அனோஜா உருவத்தைக் குசினித் தொட்டிக்குக் கொண்டு போனாள். கழுத்துக்குக் கீழே கை கொடுத்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில், தான் பூசின தேங்காயெண்ணெய் எல்லாம் போகக் கழுவினாள். தேய்ந்த வாயைச் சேலைத் தலைப்பால் ஒற்றினாள். பிறகு கொண்டுபோய்ப் படத்துக்குக் கீழே இருந்த தட்டில் நிறுத்தி, நிமிர்ந்து பார்த்தாள். மங்கை அதே சாய்ந்த சிரிப்போடு இருந்தாள். முப்பத்திரண்டு வயது, ஒரு நரை இல்லை.

பொறாமை போய்விட்டது என்றால் பொய். தாயாகக்கூட இவள் எனக்கு முந்திவிட்டாளே என்று புதிதாக ஒன்று முளைத்திருந்தது. அனோஜா அதை மறைக்கவில்லை. ஐந்து வருடத்தில் முதல் தடவையாக வாய்க்குள் முணுமுணுக்காமல், உயிரோடு நிற்கிற ஒருத்தியிடம் பேசுவதுபோல முகத்துக்கு நேரே சொன்னாள்.

"இஞ்ச பாரும் மங்கை. உம்மட பிள்ளைக்கு இனி நான் பால் வைக்கிறன். ஒரு வெள்ளியும் தவற விட மாட்டன், சூடும் பாத்துத்தான் வைப்பன். நீர் உம்மட மனுசனை எனக்கு விடும்."

விளக்கு மினுங்கி மினுங்கி எரிந்தது. கதவு திறந்து சண்முகலிங்கம் உள்ளே வந்தான்.

"ஆரோடை கதைச்சுக்கொண்டு நிண்டனீர்?"

"மங்கையக்காவோடை" என்றாள். அக்கா என்று தானாகத்தான் வாயில் வந்தது. அவளுக்கே சிரிப்பு வந்தது, தன்னைவிட ஐந்து வயது குறைந்தவளை.

அவன் தட்டில் நின்ற உருவத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பால் ஆறிப்போயிருந்தது. மேசையிலிருந்து அந்த வெள்ளித் தம்ளரை எடுத்து, கழுவச் சொல்லி அனோஜாவின் கையில் கொடுத்தான்.